அத்திமரத்தடி எரு

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளக்கடையில் எம் வீட்டு மலக்குழி நிரம்பி வழிந்தது. மலைவளைவுகளைக் கடந்து வந்த லாரி, அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு புறப்பட்டது. கேட்ட கூலியைக் கொடுத்தோம். "இதை எங்கே கொட்டுவாய், தம்பி?" என்று மட்டும் நாம் கேட்கவில்லை. சில நாள்களில் கீழே ஓடைக்கரையில் நாற்றம் எழுந்தது. ஊரார் லாரிக்காரனை ஏசினர். நாமும் சேர்ந்து ஏசினோம். உள்ளத்தின் ஒரு மூலை மட்டும் மௌனமாயிருந்தது.

அந்த உறுத்தலோடுதான், மதுராந்தகத்தில் உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்ற நாம், அருகிலுள்ள கருங்குழிக்கும் போனோம். அங்கே 2017-இல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 23,000 லிட்டர் கசடு ஏற்கும் திறனுடையது. லாரிகள் கொணரும் கசடு படுகைகளில் உலர்த்தப்படுகிறது. உலர்ந்ததை மட்கவைத்தால் எருவாகும். அவ்வாறு மட்கியதில் ஒரு பிடி அள்ளினோம். கை முதலில் பின்வாங்கியது. முகர்ந்தபோதோ, மழை நனைத்த மண்ணின் மணமே எழுந்தது!

மாடுகள் குறைந்துபோன எம் தொழுவத்தை நினைத்தோம். இதை நம் காப்பிச் செடிக்கு இடலாமா? அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல் கழிவுநீர்க் கசட்டை உரமாக்கி விற்றுவருகிறது. அதே நாட்டின் மெய்ன் மாநிலமோ, அழியா இரசாயனங்கள் வயல்களிலும் கிணறுகளிலும் கலந்ததைக் கண்டு, 2022-இல் கசட்டை நிலத்தில் இடுவதையே தடைசெய்தது. மட்கும் குவியலில் 55 பாகை வெப்பம் சில நாள் நிலைத்தால் புழுமுட்டைகள் மடியும். ஈயமும் காட்மியமும் மடிவதில்லை. ஆகவே கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டாம். முறையாகச் சோதித்த எருவெனில் காப்பிக்கு இடலாம் என்று முடிவு செய்தோம்.

எருவின் தூய்மை நிலையத்தில் அன்று, நம் வீட்டில்தான் தொடங்குகிறது. கழிப்பறையில் நாம் ஊற்றும் அமிலமும், வீசும் மாத்திரையும், மீந்த பெயின்டும் எங்கும் மறைந்துபோவதில்லை. யாரோ ஒருவருடைய நிலத்துக்கோ ஓடைக்கோ போய்ச் சேருகின்றன.

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், கனிதராத அத்திமரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டத் தொழிலாளரோ, சுற்றிலும் கொத்தி எரு இட ஓராண்டு தவணை கேட்கிறார். எருவைத் தொடக் கூசாதவரே அம்மரத்துக்காகப் பரிந்து பேசுகிறார். நாம் பல ஆண்டுகள் உரிமையாளராகவே இருந்துவிட்டோம்.

எம் குழி மீண்டும் நிரம்பும். அன்று கூலி பேசுமுன் அந்தக் கேள்வியைக் கேட்போம். பதில் கிடைக்கும்வரை மூடியைத் திறக்கமாட்டோம்.