இறக்கைக்கு ஓர் ஆடிட்டர்

வீட்டிலேயே ஒரு விமானம் செய்ய என்னென்ன வேண்டும்? லிஸ்ட் ரொம்பச் சின்னது. நல்ல மரம், மெல்லிய பிளைவுட், பிசின், துணி, ஓர் இன்ஜின், கார் நிறுத்துகிற மாதிரி ஒரு ஷெட், சில வருஷப் பொறுமை. வீட்டம்மாவின் சம்மதத்தை இந்த லிஸ்ட்டில் முதலாவதாகச் சேர்க்கிறவர்களும் உண்டு.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்துக் குக்கிராமம் ஒன்றில் பெர்னார்டு பீட்டன்போல் என்று ஒரு மெக்கானிக். தானாகவே தொழில் கற்றுக்கொண்டவர். 1929-ல் ஃபோர்டு மாடல் ஏ காரின் இன்ஜினைத் தூக்கித் தன் மர விமானத்தில் மாட்டிப் பறந்துவிட்டார். அவர் போட்ட பிளானை வைத்து இன்றைக்கும் உலகத்தில் பலர் ஷெட்டுக்குள் இழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்கும் இது புதுசில்லை. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டாஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரர், 1909-ல் பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி கேட்டு ஆசைப்பட்டார். தானே டிசைன் போட்டார். கோச் வண்டி கட்டுகிற சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்துச் செய்ய வைத்தார். 1910 மார்ச்சில் பறந்தும் காட்டினார். வண்டிப் பட்டறையில் பிறந்த விமானம்!

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் அக்கா மகன் உபயம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். பாளையங்கோட்டை வீட்டின் பின்கட்டில் விமானம் கட்டப் போகிறேன் என்று ஒரு நாள் அறிவித்தான். அக்கா என்னைப் பார்த்தாள். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. நானோ பி.காம். எனக்குத் தெரிந்த இரண்டு இறக்கை, லெட்ஜரின் பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும்தான்.

கதவு, ஜன்னல் செய்கிற ஆசாரி ஒருவரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். பையன் பிளானை விரித்தான். தேக்கில் செய்யலாமா என்று கேட்டான்.

"தேக்கு கதவுக்கு ஆகும் தம்பி. பறக்கதுக்குக் கனம் ஜாஸ்தில்லா?" என்றார்.

கரெக்ட். விமானத்துக்கு உலகம் பூராவும் விரும்புகிற மரம் சிட்கா ஸ்ப்ரூஸ். தேக்கு அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். ஸ்ப்ரூஸிலும் கண்ட பலகையை எடுக்க முடியாது. மரத்தின் இழை நேராக ஓட வேண்டும். பதினைந்து அங்குல நீளத்துக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் சாய்ந்தால் கழித்துவிட வேண்டும் என்பது கணக்கு. ஆசாரி இதைக் கேட்டுத் தலையாட்டினார். அவருக்கு இது புது விஷயமே இல்லை.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரி அண்ணாச்சி. ஒட்டி மூடுன பொறவு உள்ள எப்படி இருக்குன்னு யாரு பாக்கது?"

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல இருந்தது. இது ஆடிட் கேள்வி அல்லவா?

மர இறக்கை என்பது உள்ளே நூற்றுக்கணக்கான ஒட்டு. மேலே துணியோ பிளைவுட்டோ போர்த்திவிட்டால் ஓர் ஒட்டும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் 'மஸ்கிட்டோ' என்று பெயர் பெற்ற பிரிட்டிஷ் மர விமானம் இருந்தது. 1944-ல் நம் இந்தியாவில் நிறுத்தி வைத்திருந்த மஸ்கிட்டோக்கள் சில வானத்திலேயே பிய்ந்து விழுந்தன. விசாரித்தால், ஒட்டுகளில் கோளாறு. ஒட்டின விதம் சரியில்லை என்றார்கள். இந்த ஊர்ப் புழுக்கமும் காரணம் என்றார்கள். பெரிய ஃபாக்டரிக்கே இந்தக் கதி.

அதனால்தான் விவரமான ஆட்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை பிசின் கலக்கும்போதும் இரண்டு துண்டு மரத்தை அதே பிசினில் ஒட்டித் தனியாக வைப்பார்கள். காய்ந்ததும் உடைப்பார்கள். மரம் பிளந்தால் பாஸ். ஒட்டின இடம் விட்டுக்கொண்டு வந்தால் அன்றைக்குச் செய்த வேலை அத்தனையும் சந்தேகம். எங்கள் பாஷையில் சாம்பிள் செக்கிங்!

அதற்கும் மேலே, வெளி ஆள் ஒருவர் வர வேண்டும். அமெரிக்காவில் 1953-ல் தொடங்கிய சோதனை விமானச் சங்கம் ஒன்று உண்டு. அதில் அனுபவசாலிகள் இலவசமாகவே வீட்டு ஷெட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பிரிட்டனிலும் சங்கத்து இன்ஸ்பெக்டர்கள் உண்டு. இறக்கையை மூடுவதற்கு முன்னால் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கை முடிப்பதற்கு முன்னால் ஆடிட்டர் வருகிற மாதிரி.

இப்படிப் பார்க்க ஆள் இல்லையென்றால் என்ன ஆகும்? பிரான்ஸில் ஆன்ரி மீஞே என்பவர், யாரும் செய்யலாம் என்று 1934-ல் புத்தகமே போட்டார். 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்று அந்தக் குட்டி விமானத்துக்குச் செல்லப்பெயர். ஜனங்கள் பைத்தியமாய்ச் செய்தார்கள். சிலர் செத்தார்கள். 1936-ல் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோதுதான் புரிந்தது: மூக்கு ஓர் அளவுக்கு மேல் கவிழ்ந்துவிட்டால் மறுபடி நிமிராது. செய்தவர்களின் கைத்தொழிலில் குற்றமில்லை. டிசைனை முன்கூட்டியே யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

சரி, நம் நாட்டில்? மும்பையில் பைலட் அமோல் யாதவ், அடுக்குமாடி வீட்டு மொட்டை மாடியில் ஆறு சீட் விமானம் செய்தார். உலோகத்தில். 2016-ல் கண்காட்சியில் வைத்தார். பதிவு எண் கிடைத்தது 2017-ல். பறந்து சோதிக்க அனுமதி 2019-ல். மாடியில் கட்டியதைவிட ஆபீஸ் மாடிகள் ஏறியதுதான் அதிகம் போலிருக்கிறது.

இன்னொருவர் சஜி தாமஸ். கேரளாவில் தொடுபுழா பக்கம். பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேச வராது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பழைய பாகங்களைத் தேடிச் சேர்த்து இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் செய்தார். அது பறந்தது எங்கே தெரியுமா? 2014-ல், நம்ம அம்பாசமுத்திரம் பக்கத்து மணிமுத்தாறில்! நாம் அணையும் அருவியும் பார்க்கப் போகிற அதே மணிமுத்தாறு. விமானப் படையில் விங் கமாண்டராக இருந்து ஓய்வுபெற்ற எஸ்.கே.ஜே. நாயர் அவருக்குக் கை கொடுத்தார். பிற்பாடு மலையாளத்தில் 'விமானம்' என்று பிருத்விராஜ் நடித்து 2017-ல் சினிமாவே வந்தது.

சஜியின் திறமையை எல்லோரும் பாராட்டுகிறோம். எனக்கு அந்த நாயர்தான் பெரிதாகத் தெரிகிறார். விஷயம் தெரிந்த ஒருவர், ரிடையரான பிறகு, யாரோ ஒருத்தர் செய்த சாமானை மதித்துப் பார்த்தாரே! அது கிடைக்காமல் எத்தனை ஷெட்டில் எத்தனை இறக்கை கரையான் அரித்ததோ.

அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து செப்புச் சாமான் செய்கிற கைகளுக்குக் குறைச்சலில்லை. மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜினைச் சோதிக்கிறார்கள். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களும், விமானப் படையில் டெக்னீஷியனாக இருந்தவர்களும் நம் தெருக்களில்தான் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டு தரப்பும் சந்திப்பதற்குத்தான் ஓர் இடமில்லை.

மருமகனிடம் சொல்லிவிட்டேன். முழு விமானம் இப்போது வேண்டாம். அனுமதியில்லாமல் பறக்கிற பேச்சே கூடாது. இறக்கைக்குள் வைக்கிற ஒரே ஒரு சட்டத்தை முதலில் செய். அதன் மேல் மணல் மூட்டை ஏற்றி ஒடித்துப் பார்.

செய்து வைத்திருக்கிறான். ஒடிப்பதற்கு முன்னால், விஷயம் தெரிந்த யாராவது ஒருமுறை பார்த்தால் தேவலை என்கிறான். "யாரைக் கூப்பிட மாமா?"

உங்கள் தெருவில் யாராவது இருக்கிறார்களா?