டீசல் வண்டிக்கு ஏது த்ராட்டில்?

ஒட்டன்சத்திரம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் அக்காவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. நேற்று நீ குமுளி ஏற்றத்தில் நின்றபடி போனில் பேசியதில் பாதி காற்றோடு போய்விட்டது. காதில் விழுந்தது இவ்வளவுதான்: செக் இன்ஜின் லைட் எரிகிறது, வண்டி இழுக்கவில்லை, பட்டறையில் த்ராட்டில் பாடியை மாற்றச் சொல்கிறார்கள். போன தை மாதம் எனக்கும் இதே கதைதான். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்பாய், வைத்ததும் மறந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வை. படித்து முடிக்கும்வரை பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அன்றைக்குத் தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பழனி தாண்டி மடத்துக்குளம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. உடுமலை வருவதற்குள் லைட் விழுந்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் நாற்பதைத் தாண்டமாட்டேன் என்றது. உருட்டிக்கொண்டே பொள்ளாச்சிக்குப் போய் ஒரு பட்டறையில் விட்டேன். பையன் ஸ்கேனரைச் சொருகினான். பி 2111 என்று வந்தது. "த்ராட்டில் திறந்தபடியே மாட்டிக்கிச்சுண்ணே, புதுசு போட்டாத்தான் ஆகும்" என்றான். வெயில் ஏறுகிறது, தக்காளி வேகிறது, வியாபாரி வேறு அரைமணிக்கு ஒருதரம் கூப்பிடுகிறார். அந்த நேரத்தில் யார் வாதாடுவது? சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு 14,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். சாயங்காலம் வண்டி சிட்டாகப் பறந்தது. நாலாம் நாள் அதே லைட், அதே எண்.

நம்ம ஊர் லாரி மெக்கானிக் பெரியவரிடம் கொண்டுபோனேன். பம்பும் நாசிலுமாகவே நாற்பது வருஷத்தைக் கழித்தவர். விஷயத்தைச் சொன்னதும் "டீசல் வண்டிக்கு ஏதுடா த்ராட்டில்?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். பெட்ரோல் வண்டியில் நாம் மிதிக்க மிதிக்க த்ராட்டில் என்கிற காற்றுக் கதவு திறக்கும். டீசலில் காற்று தன்பாட்டுக்குப் போகும். நாம் மிதிப்பது டீசலின் அளவைக் கூட்டத்தான். அவர் பார்த்த பழைய இன்ஜின்களில் இந்தக் கதவுக்கு வேலையே கிடையாது.

நம் வண்டிகள் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை, பிஎஸ் 6. புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே விடுகிறார்கள், அதுதான் ஈஜிஆர். உள்ளே எரியும் சூடு குறைந்தால் நச்சு வாயுவும் குறையும். அந்தப் புகையை இழுக்க உள்ளே கொஞ்சம் உறிஞ்சல் வேண்டும். அதற்காக இந்தக் கதவு லேசாக மூடிக்கொடுக்கும். சைலன்சர் வழியில் இருக்கிற வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கவும், புகையின் சூட்டை ஏற்றுவதற்காக மூடும். சாவியை அணைத்ததும் முழுக்க மூடி, இன்ஜினைக் குலுங்காமல் நிறுத்தும். மற்ற நேரமெல்லாம் ஸ்பிரிங் அதைத் திறந்தே வைத்திருக்கும்.

இந்த ஸ்பிரிங் சங்கதிதான் முக்கியம், மாப்ளே. மூடச் சொல்லி கம்ப்யூட்டர் கரண்ட் அனுப்புகிறது. கரண்ட் மோட்டாருக்கு வந்து சேரவே இல்லை என்று வை. கதவு ஸ்பிரிங் தள்ளிய இடத்திலேயே நிற்கும். "திறந்தபடி மாட்டிக்கொண்டது" என்று எழுதிவிட்டு கம்ப்யூட்டர் லைட்டைப் போட்டுவிடும். கதவு கரியில் ஒட்டிக்கொண்டாலும், உள்ளே பல்சக்கரம் உடைந்தாலும், வயர் அறுந்தாலும் அதே எண் வரலாம். பையன் எண்ணைப் படித்தான், பொருளை மாற்றினான். அவனைக் குறை சொல்லி என்ன? நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

பெரியவர் கதவைத் தொடவே இல்லை. மீட்டரை மாட்டச் சொல்லிவிட்டு, வயர்க் கட்டைச் சாண் சாணாக ஆட்டிக்கொண்டே வந்தார். இன்டர்கூலர் பைப்பைப் பிடிக்கிற தகட்டுக்குப் பக்கத்தில் ஆட்டியபோது மீட்டரில் அளவு விழுந்தது. டேப்பைப் பிரித்தால், தகட்டு விளிம்பு உரசி உரசி ஒரு வயரின் தோல் போய், உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. பொள்ளாச்சியில் மாற்றும்போது வயர் அசைந்து மூன்று நாள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். வெட்டி, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு, தகட்டை விட்டுத் தள்ளிக் கட்டினார். 300 ரூபாயும் ஒரு டீயும். இதுவரை லைட் வரவில்லை.

வெட்கம் என்னவென்றால், இரண்டு வாரம் முன்னாடியே உன் அக்கா சொன்னாள்: "வண்டிய அணைக்கும்போது திண்ணையே ஆடுது, என்னன்னு பாருங்க." முன்பெல்லாம் பூனை உட்கார்ந்த மாதிரி நிற்கும் வண்டி, அப்போது உடம்பை உதறிக்கொண்டு நின்றது. கதவு மூடவில்லை என்பதற்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்? இன்று ராத்திரி உன் வண்டியை அணைத்துப் பார். உதறுகிறதா என்று எனக்குச் சொல்.

பழைய த்ராட்டில் பாடியைக் கேட்டு வாங்கி வந்தது நல்லதாகப் போயிற்று. பெரியவரும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். உள்ளே பணியாரச் சட்டி அடியில் பிடிப்பது போல ஒரு விரல் கனத்துக்குக் கரி. புகைக்கரியும் இன்ஜினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து இறுகியது. மார்க்கெட்டில் லோடுக்காக மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கிறோமே, அந்தப் புண்ணியம். விரலால் மெல்லத் தள்ளினேன். கரகரத்தாலும் கதவு நகர்ந்து, விட்டதும் ஸ்பிரிங்கில் திரும்பி வந்தது. துணியைக் கிளீனரில் நனைத்துத் துடைத்ததும் வழுக்கிக்கொண்டு ஆடியது. நல்ல பொருளுக்குத்தான் 14,000 அழுதிருக்கிறேன். இப்போது அது அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே உன் வண்டியில் முதலில் வயரைப் பார்க்கச் சொல். பிறகு கழற்றிக் கரியைப் பார்க்கச் சொல். கனெக்டரைக் கழற்றிய பிறகுதான் கதவில் விரல் வைக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது தள்ளினால் பல் போகும். கிளீனரை நேராக அடிக்க விடாதே, தண்டு வழியாக மோட்டாருக்குள் இறங்கிவிடும். இன்ஜின் ஓடும்போது உள்ளே அடிக்கிறேன் என்று எவனாவது வந்தால் துரத்திவிடு. டீசல் இன்ஜினுக்கு அதுவும் எரிபொருள்தான். வேகம் பிய்த்துக்கொண்டு போனால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

துடைத்த பிறகும் கதவு தடுக்கினாலோ, தண்டு ஆட்டம் கொடுத்தாலோ, மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கதவு அசையாவிட்டாலோ மாற்றத்தான் வேண்டும். அப்போது பக்கத்திலேயே நில். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும். கனெக்டர் சூட்டில் வெந்து மொறுமொறுப்பாக இருக்கும். பூட்டை விடுவித்துத்தான் இழுக்க வேண்டும். கழற்றியதும் மேனிஃபோல்டு வாயில் சுத்தமான துணியை அடைக்கச் சொல். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் த்ராட்டில் பாடி விலை அதன் முன் தூசு. கேஸ்கட் புதுசு, பேஸ்ட் தடவ வேண்டாம். போல்ட்டுகளைக் கையால் ஏற்றிவிட்டு எதிர் எதிராக முறுக்க வேண்டும். அலுமினியம், பலம் காட்டினால் மரை போய்விடும். மாட்டியதும் ஸ்கேனரில் புதுக் கதவின் திறப்பையும் மூடலையும் கற்றுக்கொள்ள வைக்க வேண்டும். பல பேர் அதைச் செய்யாமலே சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஈஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடலாம், தொல்லை தீர்ந்தது என்று கம்பத்தில் ஒருத்தராவது சொல்லுவார். கேட்காதே. லைட் திரும்ப வரும், புகைச் சோதனையில் மாட்டுவாய், வாரண்டியும் போகும். மற்றவர்கள் செய்வதை நாம் பார்க்க வேண்டாம், பிள்ளைகள் மூச்சு விடுகிற காற்றுதானே அது.

புதன்கிழமை எனக்கு லோடு இல்லை. காலி வண்டியாக மெல்ல உருட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு, பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் த்ராட்டில் பாடி மேல் இருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்து அனுப்பு. அலமாரியில் இருப்பதும் அதே நம்பராக இருந்தால் நீ ஒரு பைசா செலவழிக்க வேண்டாம்.

அன்புடன்,
மாமா

பி.கு.: அக்காவுக்குப் பன்னீர் திராட்சை இரண்டு கிலோ வாங்கி வா. போன தடவை நீ கொண்டுவந்தது புளிப்பு.