ஆறில்லாத ஊரவர் ஆற்றிலே மிதந்தது

வடமராட்சியிலே பிறந்தவர்களுக்கு நீரைப்பற்றிப் புதிதாகச் சொல்லவேண்டியது ஒன்றுமில்லை என்பது எங்கள் ஊரார் பலருடைய எண்ணம். பருத்தித்துறைக்கு வடக்கே கடல். அதைக் கடந்து வணிகஞ் செய்த மரபும் எங்களுக்கு உண்டு. அயலூராகிய வல்வெட்டித்துறையிலே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை சென்றதை இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆயினும், ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் குடாநாட்டிலே இல்லை. வழுக்கியாறு மாரியிலே மட்டும் ஓடும். தொண்டைமானாறு பெயரளவிலே ஆறு. உண்மையிலே அது உவர்நீர்க் கடனீரேரி.

ஆகவே, வார இறுதியிலே களனி கங்கைக்குச் சென்று மிதவைப் படகு விடுவோம் என்று கல்லூரி நண்பர்கள் கூறியபோது, எங்களுள் மூத்தவரும் கடற்கரையோரத்திலே வளர்ந்தவருமான ஆசிரியர் நகைத்தார். “கடலிலே வள்ளம் விட்டவனுக்கு ஆறு எம்மாத்திரம்?” என்பது அவர் கேள்வி. நகைத்தவர்தாம் பிரயாணத்துக்கு முதலில் ஆயத்தமானார்.

வெள்ளி இரவு பருத்தித்துறையிற் பஸ் ஏறினால் விடியற்காலையிற் கொழும்பு. அங்கிருந்து அவிசாவளை வழியாக ஹற்றன் செல்லும் வீதியிலே ஏறக்குறைய 90 கிலோமீற்றர் போனால் கித்துல்கல என்னும் சிற்றூர் வரும். ‘கித்துல்’ என்பது கித்துள் மரம். ‘கல’ என்பது கல். எங்களுக்குப் பனை எப்படியோ, அவ்வூராருக்குக் கித்துள் அப்படி. அவர்கள் அதிலிருந்து கள்ளும் பாணியும் கருப்பட்டியும் எடுக்கிறார்கள். இதனை அறிந்ததும் வேற்றூர் என்னும் உணர்ச்சி பாதி நீங்கிவிட்டது.

ஆனால் பனைநிழலுக்கும் அந்தக் காட்டுநிழலுக்கும் ஒப்புமை சொல்ல இயலாது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் பிரதேசம் அது. மரத்தின்மேற் கொடி, கொடியின்மேற் பாசி, பாசியின்மேல் நீர்த்துளி. காலிலே அட்டை ஏறுவதும் அக்காட்டின் உபசாரத்துள் ஒன்று. ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் 1957ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்துக்காகப் பாலம் அமைத்துத் தகர்த்ததும் இவ்வூரிலேதான். அப்பாலத்தின் அடித்தளக் கற்கட்டுகள் ஆற்றோரத்திலே இன்னும் உள்ளன. கதை நிகழ்ந்த சயாம் ரயில் பாதையை அமைக்க மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டு மாண்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். மலாயாவோடு உறவு பூண்ட யாழ்ப்பாணத்தவர் அவ்விடத்திலே சற்று நின்று அவர்களை நினைத்துச் செல்வது தகும்.

மிதவைப் படகு றப்பராலானது. காற்றடைத்த அதன் விளிம்பிலே இருவர் இருவராக அமர்ந்து, காலை உள்ளே அழுத்திக்கொள்ள வேண்டும். மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் அணிவித்து, ஆளுக்கொரு துடுப்பும் தந்தார்கள். பின்னாலிருந்து படகைச் செலுத்தியவர் அவ்வூர்ச் சிங்கள இளைஞர். அவர் ‘முன்னே’ என்றால் எல்லோரும் ஒருங்கே துடுப்புப் போடவேண்டும். ‘நிறுத்து’ என்றால் நிறுத்தவேண்டும். பாறைகளுக்கிடையே ஆறு ஒடுங்கி வெண்ணுரையாய்ச் சரியும் இடத்திலே படகின் முகம் தாழ்ந்தது; மறுகணம் அலையொன்று எங்கள் முகத்தில் அறைந்தது.

அப்பொழுது மூத்த ஆசிரியர் கூவிய சொல் ஒன்றே: “உப்பில்லை!”

கடலோரத்தவர் நாவிலே அலையென்றால் உப்பு. இத்தனை வேகமும் இத்தனை ஆரவாரமும் கொண்ட நீர் நன்னீராய் இருப்பது எங்கள் அறிவுக்குத் தெரிந்திருந்தும் உடலுக்குப் புதிதாக இருந்தது. சிறிது தூரஞ் சென்று ஆறு அமைதியுற்ற இடத்திலே நீரில் இறங்கி மல்லாந்து மிதந்தோம். இளைஞர் தமக்குத் தெரிந்த தமிழிலே கேட்டார்: “சேர், உங்கள் ஊர்க் கங்கை எது?”

“எங்களுக்குக் கங்கை இல்லைத் தம்பி. கிணறுதான்.”

“அப்படியானால் கிணற்றுக்கு எங்கேயிருந்து தண்ணீர்?”

நல்ல கேள்வி. எங்கள் சுண்ணக்கல் நிலத்தின் அடியிலே மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். அதனால்தான் 2024ஆம் ஆண்டு வடமராட்சி கிழக்கிலே, தாளையடியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கவேண்டி வந்தது. இதைக் கூறியபோது அவர் வியந்தார். பின்னர் அவர் கூறியது கேட்டு நாங்கள் வியந்தோம். இந்த ஆறும் நினைத்தபடி ஓடுவதில்லையாம். மேலே மின்நிலையத்திலே நீர் விடும் வேளையை அறிந்தே படகு இறக்குகிறார்களாம்.

அவர் சொன்னது மெய்யே. மலைநாட்டிலே காசல்றீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களிலிருந்து புறப்படும் நீர், மின்நிலையங்கள் பலவற்றிலே சக்கரம் சுழற்றிய பின்னரே கித்துல்கலைக்கு வருகிறது. மலையருவியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலே எடுத்துரைத்தார்; 1950இல் லக்சபான நிலையம் இயங்கியது. அண்மையிலே, 35 மெகாவாற் வலுவுடைய புறோட்லண்ட்ஸ் திட்டமும் அங்கே அமைந்தது. அணைக்குக் கீழே நீர் குறைந்து தங்கள் பிழைப்புக் கெடுமென்று மிதவைப் படகுக்காரர் கவலைப்பட்டனர். அக்கவலை நியாயமானது.

மின்சாரம் வேண்டாமென்று நாங்கள் எப்படிச் சொல்வது? 1990இன் பின் குடாநாடு ஆண்டுக்கணக்காக இருளிலே கிடந்தது. எங்கள் தலைமுறையினர் ஜாம் போத்தலிலே திரியிட்டு, மண்ணெண்ணெயைத் துளித்துளியாகச் செலவிட்டுப் பரீட்சைக்குப் படித்தவர்கள். இன்று தேசிய மின்வலையோடு யாழ்ப்பாணமும் இணைந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் மேசை விளக்கிலே அந்த ஆற்றுக்கும் பங்குண்டு. கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் நம்மவர் குழாயைத் திறந்தால், அம்பத்தளையிலே எடுத்துச் சுத்திகரித்த களனி நீரே வருகிறது. ஆறில்லாத ஊரவர் என்று சொல்லிக்கொள்ளும் நாமும் அந்த ஆற்றுக்குக் கடன்பட்டவர்களே.

நேயர்களுள் இயன்றவர்கள் ஒருமுறை சென்று வரவேண்டும். பெருமழை நாளைத் தவிர்த்து, வழிகாட்டியின் சொற்கேட்டு, மிதவைச் சட்டையை இறுகக் கட்டிக்கொண்டு ஏறுங்கள். வளர்ந்த பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்லுங்கள். கிணற்றிலே வாளியை எண்ணி அள்ளும் வீட்டுப் பிள்ளை, அத்தனை நன்னீர் ஒருங்கே ஓடுவதையும், அதற்கும் கணக்கு உண்டென்பதையும் ஒரே நாளிலே கண்டு வரும்.