வெளியே நிற்கும் எண்கள்

சுடோகு என்றதும் கட்டங்களுக்குள் ஆங்காங்கே கிடக்கும் எண்களே நினைவுக்கு வரும். அமெரிக்கரான ஹோவர்ட் கார்ன்ஸ் வகுத்து 1979-இல் இதழொன்றில் வெளியான அப்புதிர், 1984-இல் ஜப்பானுக்குச் சென்று இன்றைய பெயரைப் பெற்றது. அதன் கிளைகளுள் ஒன்று ஸ்கைஸ்கிரேப்பர் சுடோகு. இதில் குறிப்புகள் கட்டத்துக்கு வெளியே, விளிம்பில் நிற்கும்.

வரிசை, நிரல், சிறுசதுரம் ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை ஒருமுறையே வரவேண்டும் என்னும் பழைய விதி இங்கும் உண்டு. ஒவ்வோர் எண்ணும் அத்தனை மாடி கொண்ட கட்டடம். உயர்ந்தது தன் பின்னுள்ள தாழ்ந்ததை மறைக்கும். விளிம்பில் நின்று நோக்கினால் எத்தனை கட்டடங்கள் தெரியும் என்பதே வெளிக்குறிப்பு.

தென்காசிக்காரர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. காசி விசுவநாதர் கோயில் வாயிலில் நின்று மேற்கே நோக்கினால் ஒன்பது நிலைக் கோபுரம் மட்டுமே தெரியும். குற்றால மலை அதன்பின் ஒளிந்துகொள்ளும். ஆகவே குறிப்பு 1 எனில் முதற்கட்டத்தில் நிற்பது 9. குறிப்பு 9 எனில் ஒன்று முதல் ஒன்பது வரை ஏறுவரிசை. குறிப்பு 4 எனில் முதல் மூன்று கட்டங்களில் 9 வாராது. அதற்கு முன்னே மூன்று கட்டடங்களேனும் தெரிந்தாக வேண்டுமல்லவா?

இந்த மூன்றாம் நுட்பத்தை நமக்குக் கற்பித்தவர் நம் தந்தையார், ஓய்வுபெற்ற கணக்காசிரியர். பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்திருந்தது. அவர் ஒரு சொல்லைத் தொடங்குமுன் நாமே ஊகித்து முடித்துவிடுவோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைச் சினம் என்றே எண்ணினோம்.

சாரல் பொழிந்த ஒரு மாலையில், குற்றாலத்து வீட்டுத் திண்ணையில் இப்புதிருடன் அமர்ந்திருந்தோம். அவசரத்தில் இரண்டாம் கட்டத்தில் 9 எழுதினோம். அவர் இடக்கையால் அதை அழித்தார். விளிம்பிலிருந்த 4-ஐத் தொட்டுக் காட்டினார். பின் உள்ளங்கையை உயர்த்தினார். பொறு என்பது பொருள்.

குற்றாலக் குறவஞ்சியை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். சிங்கி, வசந்தவல்லியின் கையைப் பார்த்தே உள்ளத்தைச் சொல்லுவாள். அதைப் பாடமாகச் சொல்லிய நமக்கு, வீட்டில் உயர்ந்த ஒரு கையைப் படிக்க இத்தனை நாள் ஆயிற்று.

இப்போது அவர் தொடங்கிய சொல் முடியும்வரை காத்திருக்கிறோம். சில வேளை சொல் வருகிறது. வாராத வேளையில் விரல்களை விரித்துக் காட்டுகிறார், நாம் எண்ணுகிறோம்.