இரண்டு கடுகு



எங்க தாத்தாவுக்குக் கடிகாரமே வேண்டாம். கிழக்கே வெள்ளி முளைத்தால் எழுந்து, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார். விடிவெள்ளி தெரியாத மாசங்களில் சேவலை நம்புவார். அந்தச் சேவலையும் நாங்க குழம்பு வைத்துவிட்டால், பாங்குச் சத்தம். போன வருஷம் சம்பா அறுப்புக்கு முன்னாடி அவர் போயிட்டார். கருமாதிக்கு வந்த சொந்தக்காரர் ஒருத்தர் எங்க அப்பாவைத் தேற்றுவதற்காக, "இந்த அண்டத்துல கோடானுகோடி நட்சத்திரம் இருக்கு. அதுல மனுஷன் ஒரு தூசி. இதுக்குப் போய் அழலாமா?" என்றார். அப்பா தலையை ஆட்டினார். எனக்கு மட்டும் அந்தக் கணக்கு சரியாகப் படவில்லை. அண்டம் எவ்வளவு பெரிசு, அதில் உயிர் எங்கெங்கே இருக்கு, இந்த ரெண்டையும் பார்க்காமல் எப்படித் தூசி என்று சொல்வது? அதான் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில், தாத்தாவின் அதே வெள்ளியைப் பார்ப்பதற்காக நம்ம புதுச்சேரிக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் கிடைத்தார். பெயர் கியோம் லெ ஜாந்தி. வெள்ளிக்கோள் அபூர்வமாகச் சூரியனுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பொட்டு மாதிரி நகர்ந்து போகும். உலகத்தின் வெவ்வேறு இடங்களில் இருந்து அதைப் பார்த்து நேரம் குறித்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். (ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்க. விரல் இடம் மாறுகிற மாதிரி தெரியும் அல்லவா? அதே தந்திரம்தான்.) அதற்காக 1760-ல் பிரான்சில் கப்பல் ஏறினார். அவர் வந்து சேருவதற்குள் போர்! காரைக்கால் 1760-லேயே ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் போயிற்று. அவருடைய கப்பல் திரும்பிவிட்டது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில் ஆடுகிற கப்பலில் நின்று வெள்ளி கடப்பதைப் பார்த்தார். ஆனால் ஆடுகிற பலகையில் அளவு எடுக்க முடியுமா?

அடுத்தது 8 வருஷம் கழித்து. மனுஷர் ஊருக்குத் திரும்பவில்லை, காத்திருந்தார்! 1768-ல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டைப் பகுதியில் ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். சென்னையில் இருந்த ஆங்கிலேயர்களே அவருக்குத் தொலைநோக்கி அனுப்பினார்கள். அங்கே இருந்த காலத்தில் நம்ம தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையையும் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு வெறும் 41 விநாடி பிசகியது, ஐரோப்பியப் பட்டியல் 68 விநாடி பிசகியது என்று குறித்து வைத்திருக்கிறார். இதை நம்ம கணக்கு வாத்தியார் கட்டாயம் படிக்கணும்.

1769 ஜூன் 4 காலை. அதற்கு முன் பல நாள் வானம் பளிச்சென்று இருந்தது. அன்றைக்குப் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771-ல் ஊர் திரும்பினால், செத்துப்போனவர் என்று முடிவுகட்டி சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குக் கிடைக்காத அளவு மற்றவர்களுக்குக் கிடைத்தது. அவற்றை எல்லாம் சேர்த்து லாலாந்து என்ற அறிஞர் 1771-ல் சொன்ன தூரம் 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர். இன்றைய கணக்கு 14 கோடியே 96 லட்சம். ரொம்பத் தப்பு இல்லை!

இத்தனை கோடி எனக்குப் புரியவில்லை. அதனால் சுருக்கிப் பார்த்தேன். நம்ம பள்ளி மைதானத்தின் ஒரு ஓரத்தில் ஒரு கால்பந்தை வையுங்க. அது சூரியன். பூமி ஒரு கடுகு. பந்திலிருந்து 23 மீட்டர் தள்ளி வைக்கணும். நிலா ஒரு ரவைத் துணுக்கு, கடுகிலிருந்து மூணு விரல் அகலம் தள்ளி. மனுஷன் நேரில் போன தூரம் அவ்வளவுதான். சரி, அடுத்த நட்சத்திரம் எங்கே? மைதானத்திலும் இல்லை, காரைக்காலிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. ஜப்பானில்! இடையில் 6,000 கிலோமீட்டருக்கு மேல் வெறும் வெட்டவெளி. 1977-ல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலத்தின் வேகத்தில் போனாலும் அவ்வளவு தூரம் போய்ச் சேர எழுபதாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். நம்ம பால்வீதியில் மட்டும் குறைந்தது பத்தாயிரம் கோடி நட்சத்திரங்கள். சொந்தக்காரர் சொன்ன கோடானுகோடி உண்மைதான்.

ஆனால் மைதானத்தில் இன்னொரு கடுகும் உண்டு. பந்திலிருந்து 17 மீட்டரில், கிட்டத்தட்ட நம்ம கடுகு அளவே. அதுதான் தாத்தாவின் வெள்ளி. பார்க்க அவ்வளவு அழகு! அங்கே வெப்பம் சுமார் 465 டிகிரி, ஈயம் உருகிவிடும். காற்றழுத்தம் நம்மதைப் போல 90 மடங்கு. மேகமெல்லாம் கந்தக அமிலம். 1982-ல் அங்கே இறங்கிய ரஷ்ய வெனேரா-13 கலம் 127 நிமிஷம் தாங்கியது, அதுவே பெரிய சாதனை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடுகு. ஒன்றில் நெல்லும் நண்டும் நாமும். இன்னொன்றின் தரையில் ஒரு பாசி கூடப் பிழைக்க வழியில்லை.

வேறு எங்கேயாவது? லெ ஜாந்தி பார்க்க வந்த அதே காட்சியை இப்போது மற்ற நட்சத்திரங்களில் தேடுகிறார்கள். கோள் குறுக்கே போனால் நட்சத்திர வெளிச்சம் துளி மங்கும். பூமி மாதிரி ஒன்று சூரியன் மாதிரி ஒன்றை மறைத்தால் குறைவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை! இப்படியும் வேறு வழிகளிலும் 6,000-க்கும் மேல் கோள்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 2025-ல் இந்தியாவில் பிறந்த நிக்கு மதுசூதன் குழுவினர், 124 ஒளியாண்டு தூரத்தில் உள்ள கே2-18பி என்ற கோளில் டைமெத்தில் சல்ஃபைடு வாயுவின் அறிகுறி இருக்கலாம் என்றார்கள். பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடலில் மிதக்கிற நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. நம்ம கடற்கரையில் அடிக்கிற வாசனையில் அதற்கும் பங்கு உண்டு. நினைத்துப் பாருங்க, கடல் வாசனையைத் தேடி 124 ஒளியாண்டு! மற்ற விஞ்ஞானிகள் சந்தேகப்படுகிறார்கள், முடிவாகவில்லை. இத்தனை கோள்களில் ஒன்றில்கூட இதுவரை உயிர் உறுதியாகவில்லை.

இப்போ சொல்லுங்க, எது தூசி? தூசி என்றால் எங்கு பார்த்தாலும் கிடக்கணும். அண்டத்தில் அப்படிக் கிடப்பது கல்லும் வாயுவும்தான். தண்ணி பாய்ச்ச நேரம் பார்த்து எழுந்த ஒரு ஆளை இந்த ஒரு கடுகைத் தவிர வேறெங்கும் யாரும் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த தடவை அந்தச் சொந்தக்காரர் வந்தால் இந்தத் தாளைக் காட்டுவதாக இருக்கிறேன். அப்பாவிடம் ஏற்கெனவே காட்டிவிட்டேன். ரெண்டு தடவை படித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக வெள்ளி சூரியனைக் கடந்தது 2012 ஜூன் 6. அதற்கு முன் 2004 ஜூன் 8. எங்க அம்மா பள்ளிக்கூடத்தில் சூரியக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்களாம். அடுத்தது 2117 டிசம்பர் 11, காலை நேரம், நம்ம ஊரிலும் தெரியும். ஆனால் கார்த்திகை மாசம், மழைக்காலம். மேகம் விடுமோ என்னவோ!

— பத்தாம் வகுப்பு மாணவி, வரிச்சிக்குடி