கறுப்பு சுவையல்ல

போர்ட்டர் பீர்களை அடுத்தடுத்து ஊற்றி வைத்து ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் கோப்பையை முதலில் விளக்குக்கு நேரே பிடிக்கிறார்கள். எது அதிகக் கறுப்போ அதுதான் அழுத்தமானது என்று, நாக்குக்கு முன்பே கண் முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவை நம்பக் கூடாது என்பேன். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் சுமைத் தொழிலாளர்கள் விரும்பிக் குடித்த போர்ட்டர், பழுப்பு மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தில், காய்ச்சப்பட்டது. நிறமும் மணமும் ஒரே தானியத்திலிருந்து வந்ததால், நிறத்தைக் கொண்டு சுவையை ஊகிப்பதில் அன்று நியாயம் இருந்தது. 1784இல் ஜான் ரிச்சர்ட்சன் மால்ட் சாற்றின் சர்க்கரையை அளக்கும் கருவியைப் பற்றி எழுதினார். பழுப்பு மால்ட்டைவிட வெளிர் மால்ட் அதிகச் சாறு தருவது கணக்கில் தெரிந்தது. ஆலைகள் வெளிர் மால்ட்டுக்குச் சாய்ந்தன. பீரின் நிறம் வெளுத்தது. 1817இல் டேனியல் வீலர், காபிக்கொட்டை வறுப்பதுபோல் மால்ட்டை உருளையில் கருக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்தக் கரு மால்ட் கொஞ்சம் சேர்ந்தாலே வெளிர் பீர் கறுத்துவிடும். நிறமும் சுவையும் பிரிந்தது அப்போதுதான்.

கரு மால்ட்டுக்குச் சுவையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, கருகல் கசப்பும் நாவில் தங்கும் வறட்சியும் அது தருபவை. ஆனால் உமி நீக்கி வறுத்த கரு மால்ட் இன்று கிடைக்கிறது. அது நிறத்தைத் தாராளமாகவும் கசப்பை மிகக் குறைவாகவும் தரும். ஜெர்மனியின் கோஸ்ட்ரிட்சர் கறுப்பு பீரைப் பாருங்கள்: பார்வைக்கு இருட்டு, 4.8 சதவீத ஆல்கஹால், குடித்தால் மெலிந்த, சுத்தமான லாகர். லண்டனின் ஃபுல்லர்ஸ் போர்ட்டர் 5.4 சதவீதம்தான், ஆனால் அதிலுள்ள பழுப்பு மால்ட் வாயை நிறைக்கிறது. போலந்தின் ஜிவியெட்ஸ் போர்ட்டரோ 9.5 சதவீதம், அதன் உலர்பழ இனிப்பையும் சூட்டையும் நிறம் முன்கூட்டிச் சொல்வதில்லை. நாள்பட வைத்த பழைய ஆங்கில பீர்களின் சிறப்பு மணத்துக்குக் காரணம் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் என்று 1904இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் கிளௌசன் காட்டினார். பெரும் மரத்தொட்டிகளில் மாதக்கணக்கில் கிடந்த போர்ட்டருக்கு அதுவே உயிர். எந்த விளக்கொளியிலும் அது கண்ணுக்குத் தெரியாது.

கண்ணும் இன்பத்தில் பங்காளிதானே என்பது வலுவான மறுப்பு. ரசிக்கும்போது கண்ணுக்கு உரிய இடத்தை நான் மறுக்கவில்லை. தரம் பிரிக்கும்போது அதைச் சற்று ஒதுக்கிவைக்கச் சொல்கிறேன். ஒளி புகாத கோப்பைகளில் ஊற்றுங்கள். ஆல்கஹால் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடிக்காமல் 12 டிகிரி அளவுக்கு வரட்டும். கடுங்குளிரில் மால்ட்டின் மணம் அடங்கி, கசப்பே மேலோங்கும். பிறகு கருகல், இனிப்பு, புளிப்பு, விழுங்கியபின் தங்கும் சுவை என்று தனித்தனியாகத் தேடுங்கள். வறுத்த பார்லி இருந்தால் ஸ்டவுட், இல்லாவிட்டால் போர்ட்டர் என்ற பேச்சுக்கும் காது கொடுக்க வேண்டியதில்லை. வறுத்த பார்லி போன்ற முளைகட்டாத தானியத்தைச் சேர்க்க 1880 வரை பிரிட்டனில் சட்டம் இடம் தரவில்லை; ஸ்டவுட் அதற்கு முன்பே இருந்தது, போர்ட்டரிலேயே வலுவானதாக.