தில்லை சிவக்கும் மாதம்

ஐப்பசியில் பட்டுக்கோட்டையில் எந்த மரமும் இலை உதிர்க்காது. அடைமழை பிடித்துக்கொண்டிருக்கும், வேலியில் ஊன்றிய முருங்கைப் போத்துகூடத் துளிர்விடும். அதே அக்டோபரில் கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கின்றன. அதைப் பார்ப்பதற்கென்றே கப்பல்கள் ஓடுகின்றன. டொராண்டோவில் இருக்கும் அண்ணன் மகள் அப்படி ஒரு கப்பலின் பயணத் திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சித்தப்பா, சித்தியையும் அழைச்சுக்கிட்டு வாங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

நானும் ஆசையாகத்தான் உட்கார்ந்து படித்தேன். நிறம் வடக்கே தொடங்கித் தெற்கே இறங்குகிறது. கியூபெக் பக்கம் செப்டம்பர் கடைசியிலேயே சிவந்துவிடும். மெய்ன் கரைக்கு அக்டோபர் நடுப்பகுதி. பாஸ்டன் வர மாதக் கடைசி ஆகும். எந்த வாரம் எந்தத் துறைமுகம் என்று கணக்குப் போடாமல் ஏறினால் பச்சையையோ மொட்டைக் கிளையையோ பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதிலும் கப்பல் நடுக்கடலில் போகும்போது இலையாவது கிளையாவது! செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குள் வந்த பிறகுதான் மரம் கண்ணுக்கு எட்டும். இரண்டு நாட்டுத் துறைமுகங்களையும் தொடும் கப்பல் என்றால் நம் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு விசா வேண்டும்.

என் மனைவி அதுவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏங்க, இலை பழுக்கறதைப் பாக்கவா இம்புட்டுத் தூரம்? நம்ம தெரு பாதாம் மரத்துல பழுக்காததா?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நாட்டு வாதுமை இலை உதிருமுன் செக்கச்சிவந்துதான் விழுகிறது. நாம் கூட்டித் தள்ளுகிறோம். ஆனால் ஊரே சேர்ந்து ஒரே வாரத்தில் சிவப்பதற்கு இங்கே வழியில்லை. பட்டுக்கோட்டை பத்தரை டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் நம்மிடம் சுமார் ஒரு மணி பத்து நிமிடம்தான் வித்தியாசம். மான்ட்ரியலில் அது ஏழு மணி நேரம். பகல் சுருங்கிக் குளிர் ஏறும்போதுதான் மேப்பிள், பச்சையத்தை இலையில் புதுப்பிப்பதை நிறுத்துகிறது. பச்சை விலகியதும் அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு புதிதாக ஊறுகிறது. நம் மரங்களுக்குக் கணக்கு பகல் அல்ல, ஈரம். மண் காயும் மாசி, பங்குனியில்தான் இங்கே இலை கொட்டும்.

கடைசியில் திட்டம் தலைகீழானது. "நான் ஊருக்கு வர்றேன். அங்கேயே எனக்கு ஒரு இலை பாக்குற படகுப் பயணம் போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டாள் பெண். தீபாவளிக்கு வருகிறேன் என்று தேதியும் சொன்னாள்.

படகு என்றால் எங்களுக்கு முத்துப்பேட்டைதான். அலையாத்திக் காடு. காவிரியின் கிளைகளான பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு எல்லாம் கடைசியாக வந்து விழுந்து, பாக் நீரிணையில் கலக்குமுன் தங்கி நிற்கும் இடம். 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கோடியக்கரைச் சதுப்புநிலத்தில் இதுவும் அடக்கம். பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் உண்டு. காரைக்குடி–திருவாரூர் ரயில் பாதையிலும் அதிராம்பட்டினம் தாண்டினால் முத்துப்பேட்டைதான்.

ஆனால் தீபாவளிக்கு நான் ஒப்பவில்லை. டெல்டாக்காரனுக்கு மனப்பாடமான தேதிகள் சில உண்டு: 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12, 2018 நவம்பர் 16. மூன்றும் நாகப்பட்டினம் கரையை அடித்த புயல்கள். கடைசியாக வந்தது கஜா. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை ஏறிய அந்த இரவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. முத்துப்பேட்டையில் அலையாத்தி மரங்கள் இலை முழுவதையும் பறிகொடுத்துக் கம்புகளாக நின்றன. நிறைய மரங்கள் அப்படியே பட்டுப்போயின. ஐப்பசி, கார்த்திகையில் இலை உதிர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள்.

ஆக, தைக்கு மேல் என்று முடிவானது. அதற்கு மேட்டூரும் ஒரு காரணம். வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கும் அணையை ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். அதுவரை ஆறுகளில் வடிந்த நல்ல தண்ணீர், மூடிய பிறகும் கொஞ்ச நாள் லகூனில் தங்கும். லகூன் என்றே இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். சித்திரை வந்துவிட்டால் வெயிலில் வற்றி, கடலைவிடக் கரிப்பு ஏறிவிடும். படகோட்டிகளிடம் போனில் விசாரித்தபோது ஒருவர் சொன்னார்: "பனி கழியட்டும் சார். அப்பத்தான் தில்லை சிவப்பா தெரியும். அதுக்கு முன்னாடி வந்தீங்கன்னா எல்லாம் ஒரே பச்சைதான்."

மாசி பிறந்ததும் போனோம். ரயில் ஜன்னலில் சம்பா அறுத்த தாள், அதன் நடுவே உளுந்து முளைத்த வயல். அண்ணன் மகள் அந்த மஞ்சளையே படமெடுத்துக்கொண்டு வந்தாள். ஜாம்புவானோடையில் வனத்துறையின் படகுத்துறை. மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு கோரையாற்றில் இறங்கினோம். கரையோரம் முதலில் கருவேல மரங்கள்தான். போகப் போக ஆறு அகன்று, இரு பக்கமும் அலையாத்தி நெருங்கிவிடுகிறது. இந்தக் காட்டில் பெரும்பகுதி இந்த ஒரே மரம்தான். இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி; காற்று திருப்பும்போதெல்லாம் காடு நிறம் மாறுகிறது. உறிஞ்சிய உப்பை இலை வழியாகவே வெளியேற்றும் மரம் இது. ஓர் இலையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் கரிக்கும். சேற்றில் பென்சில் நட்ட மாதிரி ஆயிரக்கணக்கில் மூச்சு வேர்கள்.

தில்லை அப்படிக் கூட்டமாக இல்லை. கொஞ்சம் மேடான கரையில், அலையாத்திக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. முதலில் ஒரு கிளை, பிறகு ஒரு மரம் பாதி: மஞ்சள், ஆரஞ்சு, நல்ல சிவப்பு மூன்றும் ஒரே கொம்பில். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வாங்கிக் கொடுத்த மரம் இதுதான். கோயிலைச் சுற்றி இன்று தில்லை வனம் இல்லை. மரம் பார்க்கப் பிச்சாவரம் போக வேண்டும், இல்லையென்றால் இங்கே. அண்ணன் மகள் படகிலிருந்து எட்டிக் கிளையைப் பிடிக்கப் போக, படகோட்டி துடுப்பாலேயே தடுத்துவிட்டார். "தொடாதம்மா! பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்." மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் குருடாக்கும் பால் அது. மேப்பிள் பாலைக் காய்ச்சிப் பாகாக ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள் நடுவில் வாழ்கிற பெண், கையை இழுத்துக்கொண்டாள்.

காட்டுக்குள் நேர்கோடாக வெட்டிய வாய்க்கால்களையும் காட்டினார். இந்த வாய்க்கால்களைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்பேன். ஒரு காலத்தில் இங்கே விறகுக்காகக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து குழிந்தது. குழியில் கடல்நீர் தேங்கிக் காய்ந்து உப்பு ஏறியது. பிறகு எந்த விதையும் முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஏற்றவற்றத் தண்ணீர் உள்ளே வந்து போக வழி செய்தார்கள். நட்ட கன்று பிழைத்தது. மரம் நடுவதைவிடத் தண்ணீருக்கு வழி விடுவதுதான் முக்கியம் என்று தஞ்சாவூர் விவசாயியிடம் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் காட்டில் அதை நிரூபித்துக் காட்ட அத்தனை வருஷம் ஆனது.

லகூன் திறந்ததும் பூநாரைகள் தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. ஆழம் குறைவு, ஓர் இடத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழியால் தள்ளினார்கள். மடவை துள்ளித் துள்ளி விழுந்துகொண்டிருந்தது.

கியூபெக் அளவுக்கு மலை முழுக்கச் சிவப்பை எதிர்பார்த்து முத்துப்பேட்டைக்கு வராதீர்கள், ஏமாற்றம்தான். பச்சையில் அங்கங்கே தீப்பற்றும் நிறம் போதும் என்பவர்கள் மாசியில் வாருங்கள். வனத்துறையிடம் படகுக்கு முன்கூட்டியே கேட்டு வையுங்கள், ஏற்றம் எத்தனை மணிக்கு என்று படகோட்டியிடம் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். காட்டுக்குள் கடை கிடையாது, குடிதண்ணீர் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். குழந்தைகளைப் படகின் நடுவில் உட்கார வையுங்கள், தில்லைக் கிளை கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.